பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பாடம் எடுப்பது எப்படி: ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் கிராஸ் ரெஜிஸ்ட்ரேஷன், முழு வழிகாட்டி

ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சின்னக் கல்லூரியில் அறிவியல் படிக்கிறவர்களுக்கு முதல் இரண்டு வருடம் பிரமாதமாகப் போகும். வகுப்பில் கொஞ்சம் பேர்தான், பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும், லேபில் கருவியைத் தூர நின்று பார்க்காமல் நீங்களே தொட்டு வேலை செய்யலாம். மூன்றாவது வருடம் வரும்போதுதான் இடிக்கும். நீங்கள் எடுக்க நினைத்த மேல்நிலைப் பாடம் அந்த செமஸ்டரில் இருக்காது. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடத்துவார்கள், இல்லையென்றால் அதை நடத்த ஆளே இருக்க மாட்டார்கள். பத்து, பன்னிரண்டு பேராசிரியர்களை வைத்துக்கொண்டு ஒரு துறை எல்லாவற்றையும் நடத்த முடியாது, அது யார் குற்றமும் இல்லை.

மேற்கு மாசசூசெட்ஸில் இதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. யூமாஸ் ஆம்ஹெர்ஸ்ட் (மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகம், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி வேறு) என்கிற பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் பஸ் தூரத்தில் இருக்கிறது, அதன் பாடங்களை உங்கள் கல்லூரி மாணவராகவே, தனி டியூஷன் கட்டாமல் எடுக்கலாம். இதைத்தான் கிராஸ் ரெஜிஸ்ட்ரேஷன் என்கிறார்கள். ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஆம்ஹெர்ஸ்ட், யூமாஸ் நான்கும் சேர்ந்து கூட்டமைப்பாகப் பதிவு செய்துகொண்டது 1965-ல், ஹாம்ப்ஷயர் கல்லூரி 1970-ல் மாணவர்களைச் சேர்த்ததோடு ஐந்து ஆனது. பகிர்ந்துகொள்வதில் அறிவியலுக்கு இங்கே பழைய இடம் உண்டு. வானியல் துறையையே கூட்டாக நடத்துகிறார்கள், க்வாபின் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் 14 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி ஒன்றைக் கூட்டாகக் கட்டி வருடக்கணக்கில் ஓட்டினார்கள். அதை ஓட்டிய ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜோசப் டெய்லர் யூமாஸில் பேராசிரியராக இருந்தபோதுதான், அவரும் அவருடைய மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸும் 1974-ல் இன்னொரு விண்மீனோடு ஜோடியாகச் சுற்றும் பல்சரை (ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்) கண்டுபிடித்தார்கள். அந்த வேலைக்கு 1993-ல் நோபல் கிடைத்தது. எட்டு மைல் தள்ளியிருக்கிற பல்கலைக்கழகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நான்கு வருடத்தை முடித்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் படிவத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். படிவம் சுலபம். அறிவியல் பாடத்தைப் பொறுத்தவரை உங்கள் செமஸ்டரைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் கால அட்டவணைதான். கீழே எந்தப் படியைப் படித்தாலும் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

அறிமுகப் பாடத்துக்காகப் போகாதீர்கள். பொது வேதியியல், முதல் வருட உயிரியல், முதல் வருட இயற்பியல் எல்லாம் உங்கள் கல்லூரியிலேயே நன்றாக நடக்கும், யூமாஸில் அதே பாடத்துக்குப் பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ஏறிப் போய் அங்கே கடைசி வரிசையில் உட்காருவதில் என்ன லாபம்? போக வேண்டியது உங்கள் கல்லூரியில் இல்லாத பாடத்துக்கு. பொறியியல், உணவு அறிவியல், பாலிமர் அறிவியல், முதுகலை மாணவர்கள் எடுக்கிற இயற்பியல் மற்றும் கணிதப் பாடங்கள், இந்த மாதிரி. ஸ்மித்தில் மட்டும் சொந்தமாகப் பொறியியல் உண்டு, மற்றவர்களுக்கு யூமாஸ்தான்.

யூமாஸ் பாட எண்களைப் பார்த்தாலே நிலை புரிந்துவிடும். 300, 400 எண்கள் இளங்கலை மேல்நிலை. 500 எண்களில் இளங்கலைக் கடைசி வருடத்தவர்களும் முதுகலை மாணவர்களும் கலந்து இருப்பார்கள். 600-க்கு மேல் முதுகலை. சின்னக் கல்லூரியிலிருந்து போகிறவர்களுக்கு 500 எண்கள்தான் தங்கம் என்பது என் அபிப்பிராயம். வகுப்பும் அளவாக இருக்கும், நாளைக்கு பிஎச்டி விண்ணப்பத்தில் அந்த வரி தனியாகத் தெரியும்.

இன்னொன்று, இரண்டு செமஸ்டர் தொடராக வரும் பாடத்தை நடுவில் வெட்டி ஒரு பாதியை இங்கும் மறு பாதியை அங்கும் எடுக்காதீர்கள். ஆர்கானிக் வேதியியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வளாகத்தில் என்எம்ஆர், ஐஆர் ஸ்பெக்ட்ரத்தை முதல் செமஸ்டரிலேயே முடித்துவிடுவார்கள், இன்னொரு வளாகத்தில் அதை இரண்டாவது செமஸ்டருக்கு வைத்திருப்பார்கள். நீங்கள் நடுவில் மாறினால் ஒரு விஷயத்தை இரண்டு முறை கேட்பீர்கள், அல்லது ஒரு முறைகூடக் கேட்காமல் தேர்வில் உட்காருவீர்கள். குவாண்டமும் அப்படித்தான், சில இடத்தில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் ஆரம்பிப்பார்கள், சில இடத்தில் ஸ்பின்னில் ஆரம்பித்து அலைச் சமன்பாட்டை அப்புறம் எடுப்பார்கள். தொடர்ப் பாடம் என்றால் இரண்டையும் ஒரே இடத்தில் முடியுங்கள்.

படி 2: தேடுவதும் விதிகளைப் பார்ப்பதும்

எல்லா வளாகப் பாடங்களையும் ஒரே இடத்தில் தேடும் பொதுப் பட்டியல் ஆன்லைனில் இருக்கிறது. தேடலை அதில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். யூமாஸின் சொந்தப் பதிவுத் தளமான ஸ்பயரில் அதே பாடத்தைத் திறந்து பாருங்கள். விரிவுரைக்கு ஒரு நேரம், டிஸ்கஷனுக்கு (சின்னக் குழுவாக உட்காரும் வகுப்பு) வேறு நேரம், லேபுக்கு வேறு நேரம் என்று எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். செவ்வாய், வியாழன் மட்டும்தான் வகுப்பு என்று சந்தோஷப்பட்டுப் பதிவு செய்தவர்கள், வெள்ளிக்கிழமை காலை கட்டாய டிஸ்கஷன் இருப்பதை அப்புறம் கண்டுபிடிக்கிறார்கள்.

விதிகளில் உங்களைத் தொடுவது இவ்வளவுதான். முதல் வருடத்தின் முதல் செமஸ்டரில் பொதுவாக அனுமதி கிடையாது. உங்கள் கல்லூரியில் அதே பாடம் அதே நேரத்தில் இருந்தால் வெளியே எடுக்க விடமாட்டார்கள், அல்லது நல்ல காரணம் கேட்பார்கள். ஒரு செமஸ்டரில் எத்தனை பாடம் வெளியே எடுக்கலாம், மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) வேண்டிய பாடங்களில் எத்தனை வெளியே முடிக்கலாம் என்பதற்குக் கல்லூரிக்குக் கல்லூரி, துறைக்குத் துறை வரம்பு வேறு. முதலாவதை ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்திலும் இரண்டாவதைத் துறைத் தலைவரிடமும் கேளுங்கள். துறைத் தலைவரிடம் கேட்பதை மெயிலில் கேளுங்கள். வாய்வார்த்தையாக ‘பரவாயில்லை, எடுத்துக்கோ’ என்று சொன்னவர் அடுத்த வருடம் விடுப்பில் போயிருக்கலாம்.

படி 3: பேராசிரியருக்கு மெயில்

இதைச் செய்யாமல் நேராகப் படிவத்தை அனுப்புகிறவர்கள்தான் அதிகம். உங்கள் கல்லூரிப் பாடங்கள் யூமாஸ் கணினிக்கு அதன் சொந்த எண்களாகத் தெரியாது. முன்தகுதிப் பாடத்தை முடித்திருக்கிறீர்களா என்பதை ஒரு மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் பெரும்பாலும் பாடம் நடத்தும் பேராசிரியர் அல்லது துறையின் இளங்கலை ஒருங்கிணைப்பாளர். சில துறைகள் தங்கள் மேஜர் மாணவர்களுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் திறந்துவிடும். அங்கேயும் பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும்.

மெயில் சின்னதாக இருக்கட்டும். எந்தக் கல்லூரி, எந்த வருடம், என்ன மேஜர். எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுக்க ஆசை. முன்தகுதிக்குச் சமமாக நீங்கள் முடித்த பாடத்தின் பெயர், கிரேடு, அதன் சிலபஸ் இணைப்பாக. அப்புறம் ஒரு கேள்வி: ‘என் கல்லூரியில் இந்தப் பாடத்தில் இதுவரை வந்திருக்கிறோம், உங்கள் முதல் இரண்டு வாரத்துக்கு இது போதுமா?’ இந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஏனென்றால் வெறும் அனுமதி கேட்டால் ஆம், இல்லை என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டால் ‘ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் தெரிந்திருக்க வேண்டும், கோடையில் பார்த்துவிட்டு வா’ என்று உபயோகமான பதில் வரும். முந்தைய வருட சிலபஸையும் வீட்டுப்பாடத் தாள் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் இந்த செமஸ்டர் வேண்டாம், இன்னொரு கணிதப் பாடம் முடித்துவிட்டு வாருங்கள்.

படி 4: படிவம், கிரெடிட்

விண்ணப்பம் உங்கள் கல்லூரிப் பதிவுத் தளம் வழியாகவே போகும். அட்வைசர் ஒப்புதல், தேவையான இடத்தில் பேராசிரியர் ஒப்புதல், ரெஜிஸ்ட்ரார், அவ்வளவுதான். முன்பதிவுக் காலம் திறந்த முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

கிரெடிட் கணக்கை மட்டும் கவனமாகப் போடுங்கள். ஸ்மித், மவுண்ட் ஹோலியோக்கில் ஒரு சாதாரணப் பாடம் 4 கிரெடிட். யூமாஸில் லேப் இல்லாத அறிவியல் பாடங்கள் நிறைய 3 கிரெடிட்தான். அப்படிப்பட்ட இரண்டு பாடம் எடுத்தால் பட்டத்துக்கு வேண்டிய மொத்தத்தில் இரண்டு குறையலாம், அது கடைசி செமஸ்டரில்தான் கண்ணில் படும். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் பாடங்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கு, அங்கே வெளிப்பாடம் முழுப் பாடமாக ஏறுமா என்று முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

படி 5: பஸ்ஸை வைத்து அட்டவணை போடுங்கள்

ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி மாணவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டலாம், யூமாஸுக்கு அவர்கள் நடந்தே போய்விடலாம். மற்றவர்களுக்கு வட்டார பஸ் சேவையான பிவிடிஏதான். நார்தாம்ப்டனிலிருந்து ஸ்மித் மாணவர்கள் பி43 பிடிக்க வேண்டும். சவுத் ஹாட்லியிலிருந்து மவுண்ட் ஹோலியோக் மாணவர்களுக்கு 38. கல்லூரி ஐடி இருந்தால் காசு கிடையாது.

வரைபடத்தில் ஸ்மித்துக்கும் யூமாஸுக்கும் எட்டு மைல். ஆனால் பி43 போவது ரூட் 9 வழியாக. கனெக்டிகட் ஆற்றின் மேல் கூலிட்ஜ் பாலம், அதைத் தாண்டினால் ஹாட்லியில் வரிசையாகக் கடைகள், மால்கள், சிக்னல்கள். சாயங்காலம் அந்தப் பாதையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அட்டவணையில் பஸ் நேரம் என்ன போட்டிருந்தாலும், உங்கள் கல்லூரி வகுப்பு முடிவதற்கும் யூமாஸ் வகுப்பு தொடங்குவதற்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லையென்றால் அந்தப் பாடத்தை எடுக்காதீர்கள். யூமாஸில் இறங்கிய பிறகும் நடை இருக்கிறது, அது பெரிய வளாகம். வேதியியல் நடக்கிற கோஸ்மன், உயிரியல் நடக்கிற மோரில், லீடர்லி கோபுரம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளுக்கு முன்பே ஒரு முறை போய்ப் பாருங்கள்.

திங்கள், புதன், வெள்ளி 50 நிமிட வகுப்பையும் செவ்வாய், வியாழன் 75 நிமிட வகுப்பையும் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுங்கள். பாடம் ஒன்றுதான், வாரத்துக்கு மூன்று பயணத்துக்குப் பதில் இரண்டு. இன்னும் நல்லது, அந்த இரண்டு நாளில் உங்கள் கல்லூரிப் பாடம் எதையும் வைக்காமல் முழு நாளையும் யூமாஸிலேயே கழிப்பது. காலையில் போய், வகுப்பு, பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸ் (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம்), டு பாய்ஸ் நூலகத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம், சாயங்காலம் திரும்புவது. வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறவருக்கு வகுப்பு மட்டும்தான் கிடைக்கும். கடினமான அறிவியல் பாடத்தில் பாதிப் படிப்பு வகுப்புக்கு வெளியே, நான்கு பேர் ஒரு கரும்பலகை முன்னால் நின்று சண்டை போடும்போதுதான் நடக்கிறது.

யூமாஸ் விடுமுறையில் இருக்கும்போது பஸ்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். உங்கள் கல்லூரி நடந்துகொண்டிருக்கும், பஸ் மட்டும் விடுமுறை அட்டவணையில் ஓடும். பனிப்புயல் நாளில் ஒரு வளாகம் மூடும், இன்னொன்று திறந்திருக்கும். அந்தக் காலையில் யூமாஸ் அறிவிப்பு, உங்கள் கல்லூரி அறிவிப்பு, பஸ் அறிவிப்பு மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 6: லேப் உள்ள பாடமா? இரண்டு முறை யோசியுங்கள்

மூன்று மணி நேர மதிய லேப் மூன்று மணி நேரத்தில் முடியாது. ரிஃப்ளக்ஸ் கொதிக்கத் தாமதமாகும், கண்ணாடிப் பாத்திரம் கழுவ வேண்டும், நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கப்புறம் பஸ். மூன்று மணி நேர லேப் என்றால் போக வர எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு அட்டவணை போடுங்கள்.

லேபைத் தவறவிட்டால் ஈடு செய்வதும் கஷ்டம். பெரிய பாடங்களில் லேப் பிரிவுகள் வாரம் முழுக்க ஓடும், வேறொரு நாளில் உட்காரலாம் என்று உதவி ஆசிரியர் சொல்வார், ஆனால் அந்த வேறு நாளில் உங்களுக்கு உங்கள் கல்லூரியில் வகுப்பு இருக்கும். முதல் வாரப் பாதுகாப்பு வகுப்பையும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், அது முடியாமல் லேபுக்குள் விடமாட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி, நீளப் பேண்ட், மூடிய ஷூ எல்லாம் உங்கள் கல்லூரியில் கேட்பது மாதிரிதான், மறந்துவிட்டு வந்தால் அறைக்கு ஓடிப்போய் எடுத்துவர முடியாது என்பதுதான் வித்தியாசம். ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு நிரந்தரமாகத் தயாராக வைத்திருங்கள். டியூஷன் இல்லையென்றாலும் லேப் கட்டணம், சாமான் செலவு இருந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

என் யோசனை, லேப் பாடங்களை உங்கள் கல்லூரியிலேயே முடித்துவிட்டு வெளியே எடுப்பதை விரிவுரைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியில் அறவே இல்லாத கருவிக்காகப் போகிறீர்கள் என்றால் மட்டும் விதிவிலக்கு, அப்போது அந்தப் பயணம் நிச்சயம் தகும்.

படி 7: இரண்டு காலண்டர்

செமஸ்டர் தொடக்கம், அக்டோபர் விடுமுறை, நன்றி தெரிவித்தல் வாரம், மார்ச் விடுமுறை, இறுதித் தேர்வு வாரம், எதுவும் எல்லா வளாகத்திலும் ஒரே நாளில் வரும் என்று நம்பாதீர்கள். யூமாஸில் சில செவ்வாய், புதன் கிழமைகளில் ‘இன்று திங்கள் அட்டவணை’ என்று அறிவிப்பார்கள். இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து, முரண்படும் நாட்களை செமஸ்டரின் முதல் வாரமே ஃபோனில் குறித்துவிடுங்கள், விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே.

மவுண்டன் டே ஒரு தனி விஷயம். மவுண்ட் ஹோலியோக்கில் 1838-லிருந்து இருக்கிற வழக்கம், ஸ்மித்திலும் உண்டு. இலையுதிர் காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஒரு நாள் காலை மணி அடிப்பார்கள், அன்றைக்கு வகுப்பு எல்லாம் ரத்து, எல்லோரும் மலைக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் கிளம்புவார்கள். யூமாஸில் மணி அடிக்காது. அன்று உங்களுக்குத் தேர்வு இருந்தால் நீங்கள் தேர்வுக்குத்தான் போக வேண்டும்.

தேர்வு என்றதும் இன்னொன்று. யூமாஸின் பெரிய பாடங்களில் இடைத்தேர்வுகளை இரவில் வைப்பார்கள், ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடியும். சிலபஸ் வந்ததும் அந்தத் தேதிகளை எடுத்து, உங்கள் கல்லூரி மாலை லேபோடு மோதுகிறதா, திரும்ப பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மோதினால் செப்டம்பரிலேயே பேராசிரியரிடம் சொல்லுங்கள், மாற்றுத் தேர்வு கேட்பதற்கு முறை இருக்கிறது, தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் கேட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். ஸ்மித்திலும் மவுண்ட் ஹோலியோக்கிலும் இறுதித் தேர்வை உங்கள் வசதிப்படி எழுதிப் பழகியிருப்பீர்கள். யூமாஸில் தேதி, நேரம், அறை எல்லாம் அவர்கள் சொல்வதுதான்.

படி 8: முதல் இரண்டு வாரம்

யூமாஸ் நெட்-ஐடி (அவர்கள் தளங்களில் நுழைவதற்கான கணக்கு) கைக்கு வரச் சில நாள் ஆகும், அது வரும் வரை பாடத்தளத்துக்குள் போக முடியாது. முதல் வீட்டுப்பாடம் அதற்குள் போட்டுவிடுவார்கள். பதிவு உறுதியானதுமே ஐடிக்கு விண்ணப்பியுங்கள், தாமதமானால் சிலபஸையும் முதல் தாளையும் மெயிலில் அனுப்பச் சொல்லிப் பேராசிரியரைக் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். புத்தகத்துக்குக் கவலை வேண்டாம், கூட்டமைப்பு நூலகங்கள் பரஸ்பரம் கடன் கொடுக்கின்றன.

உடல்நலக் காரணத்தால் தேர்வில் கூடுதல் நேரம் மாதிரி சலுகை இருக்கிறவர்கள் அது தானாக அங்கே போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் கல்லூரி அலுவலகத்திடம் சொல்லி யூமாஸ் அலுவலகத்தோடு பேச வையுங்கள், முதல் வாரமே.

இந்தியா, இலங்கையிலிருந்து எஃப்-1 விசாவில் வந்தவர்களுக்கு

உங்கள் ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் சான்று) உங்கள் கல்லூரியிலேயே இருக்கும், கிராஸ் ரெஜிஸ்ட்ரேஷன் அதை மாற்றாது. வெளிப்பாடம் உங்கள் கல்லூரிப் பதிவில் ஏறினால் முழுநேரக் கணக்கிலும் சேரும். கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. 3 கிரெடிட் பாடத்தால் மொத்தம் முழுநேர வரம்புக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு பாடத்தை விடுவதாக இருந்தால் விடுவதற்கு முன்னால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், விட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. முழுநேரக் கணக்குக்கு ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள், யூமாஸில் ஆன்லைன் பிரிவுகள் நிறைய உண்டு.

கடைசிப் படி: விடுவது, கிரேடு, அதற்கு அப்புறம்

பாடத்தைச் சேர்க்க, விட, பாஸ்-ஃபெயிலாக மாற்ற எந்த வளாகத்தின் கடைசி நாள் பொருந்தும் என்பதை ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யூமாஸ் வகுப்பில் நண்பர் சொல்லும் தேதி அவருக்குத்தான், உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

கிரேடு யூமாஸிலிருந்து உங்கள் கல்லூரிக்குப் போய் ஏறுவதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். கடைசி வருட வசந்த செமஸ்டரில் பட்டத்துக்கு அவசியமான பாடத்தை வெளியே வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான், பட்டமளிப்பு வாரத்தில் ஒரு கிரேடுக்காகக் காத்திருப்பது யாருக்கும் தேவையில்லாத தலைவலி. மற்ற செமஸ்டர்களில் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், டிரான்ஸ்கிரிப்டில் வரவில்லையென்றால் இரண்டு ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள்.

நன்றாகச் செய்திருந்தால் அந்தப் பேராசிரியரை அடுத்த செமஸ்டரிலும் போய்ப் பாருங்கள். யூமாஸ் ஆய்வுக்குழுக்களுக்கு இளங்கலை மாணவர்கள் வேண்டும், வகுப்பில் உங்கள் வேலையை ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்த்தவர் உங்களைச் சேர்த்துக்கொள்ள யோசிக்க மாட்டார். கோடைக்கு இடம் கேட்பதாக இருந்தால் ஜனவரியிலேயே கேளுங்கள், மார்ச்சுக்குள் பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிடும்.